உம்மாவின் நடுக்கமும் மாமாவின் விறைப்பும்



எங்கள் குடும்பத்தில் இருவருக்கு ஒரே நோய். ஒருவர் என் உம்மா. மற்றவர் உம்மாவுடன் பிறந்த மூத்தவரான என் மாமா. மருத்துவர்கள் பார்க்கின்சன் என்றும், நம் பெரியோர் நடுக்குவாதம் என்றும் அழைக்கும் நோய் அது. இருவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். இப்போது ஒரே மருத்துவரிடம் காட்டி, ஒரே மாத்திரையை உண்கிறார்கள். ஆயினும் நோய் தொடங்கிய விதம், அது வளர்ந்த விதம், மருந்துக்கு உடல் தந்த பதில் ஆகிய மூன்றில் ஒன்றுகூட இருவரிடமும் ஒத்திருக்கவில்லை.

நோயாளிக்கு நோயாளி வேறுபாடு இருப்பது இயல்பே. ஆனால் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் எனக்கு, அந்த விடை போதவில்லை. தேடிப் படித்தபோது, உம்மாவிடம் கண்டவற்றுள் பல பெண்களிடத்தும், மாமாவிடம் கண்டவற்றுள் பல ஆண்களிடத்தும் மிகுதியாகக் காணப்படுபவை என்று தெரிந்தது. முதியவர் இல்லாத வீடு நம்மிடையே அரிது. அதனால் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. கையும் காலும் நினைத்தவுடன் தடையின்றி இயங்க அது வேண்டும். பார்க்கின்சன் நோயில் அந்த அணுக்கள் சிறுகச் சிறுக மடிகின்றன. பெருமளவு மடிந்த பின்னரே வெளியே அறிகுறி தோன்றுகிறது. ஆகவே நோய் கண்டறியப்படும் நாள் வேறு, நோய் தொடங்கிய நாள் வேறு.

மாமாவுக்கு நோய் தெரிந்தபோது வயது 66. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உறக்கத்தில் கத்துவதும், யாரோடோ சண்டையிடுவது போலக் கைகால்களை வீசுவதும் அவர்களிடம் இருந்ததாக மாமி பின்னர் மருத்துவரிடம் சொன்னார்கள். கனவுக்கேற்ப உடல் அசையும் இந்த உறக்கக் கோளாறு பார்க்கின்சனுக்கு முன்னோடியாக வரக்கூடியது. ஆண்களிடம் அதிகம் காணப்படுவது. பிறகு பள்ளிவாசலுக்கு நடக்கும்போது இடக்கை வீசாமல் உடலோடு ஒட்டிக்கொண்டது. காலடிகள் சிறுத்தன. கடைக் கணக்கேட்டில் எழுத்து பொடிப்பொடியாயிற்று. நான்கு மாதங்களுக்குள் திருநெல்வேலியில் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அன்றே நோயின் பெயர் தெரிந்துவிட்டது.

உம்மா மாமாவைவிட மூன்று வயது இளையவர்கள். அவர்களின் 65ஆம் வயதில் வலது தோளில் வலி வந்தது. வலித்தைலம் தேய்த்தார்கள். களைப்பு வந்தது. வயதாகிவிட்டது என்றார்கள். பிறகு வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று உருட்டத் தொடங்கின. பார்க்கின்சனுக்கே உரிய நடுக்கம் அது. மாத்திரை உருட்டுவது போன்ற அசைவு என்று மருத்துவ நூல்கள் அதை வருணிக்கும். ஆனால் உம்மாவின் கையில் எப்போதும் தஸ்பீஹ் மணி இருந்தது. பார்ப்பவர்களுக்கு அது திக்ராகவே தெரிந்தது. நடுக்கம் பிறர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே மணியைக் கீழே வைக்காமல் இருந்ததாக உம்மா வெகுநாள் கழித்துச் சொன்னார்கள்.

அந்த ஆண்டில்தான் வாப்பா மவுத்தானார்கள். உம்மா இத்தாவில் இருந்தார்கள். அது முடிந்தபின் பார்த்த மருத்துவர் ஒருவர், கணவரை இழந்த துக்கமும் பதற்றமுமே காரணம் என்று கூறி, மனத்தை அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதித் தந்தார். துக்கம் இருந்தது உண்மை. அந்த உண்மை மற்றோர் உண்மையை மறைத்துக்கொண்டது. மாமாவின் நோயை அருகிலிருந்து பார்த்தவர்களாயிற்றே, உம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். “காக்காவுக்கு உடம்பு கட்டை போல விறைத்துவிட்டது. எனக்கு அப்படி இல்லையே” என்பதே அவர்களின் விடை. பார்க்கின்சன் என்றால் மாமாவுக்கு வந்தது போல இருக்கும் என்பது வீட்டின் அளவுகோல் ஆகிவிட்டது. நோய் உறுதியாக இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த அளவுகோல் எங்கள் வீட்டில் மட்டும் இருந்ததன்று. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை முதன்முதலில் முறையாக விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்காட்டிய நோயாளிகள் ஆறு பேர். அவர்களுள் சிலரைத் தெருவில் தற்செயலாகக் கண்டவர் அவர். ஆறு பேருமே ஆண்கள். இந்நோய் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாக வருகிறது என்பதும் உண்மையே. ஆனால் குறைவாக வருகிறது என்பதற்கு வராது என்று பொருளில்லை. வரும்போது அதே முகத்தோடு வரும் என்றும் பொருளில்லை.

2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், பெண்களுக்கு நோய் ஆண்களைவிடச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியது. நடுக்கமே முதல் அறிகுறியாக இருந்தவர்கள் பெண்களில் 67 விழுக்காடு, ஆண்களில் 48 விழுக்காடு. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜன் டோபமின் அணுக்களுக்கு ஓரளவு காவலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மனச்சோர்வு, வலி, பதற்றம், களைப்பு ஆகியவை பெண்களிடம் மிகுதி. விறைப்பு, உறக்கக் கோளாறு, பிற்காலத்தில் அறிவாற்றல் குறைதல் ஆகியவை ஆண்களிடம் மிகுதி. உம்மாவின் தோள்வலியும் களைப்பும் துக்கத்தின் கணக்கில் எழுதப்பட்டதற்கு இப்போது விளக்கம் கிடைத்தது.

சிகிச்சையின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. பார்க்கின்சனுக்கு முதன்மையான மருந்து லெவோடோபா. மூளைக்குள் சென்று டோபமினாக மாறும் பொருள் அது. 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் என்னும் மருத்துவர் அதைப் பெரிய அளவுகளில் வாய்வழியாகத் தொடர்ந்து கொடுத்துப் பயன் கண்டார். இன்றுவரை அதைவிடச் சிறந்த மருந்து வரவில்லை. கார்பிடோபா என்னும் துணைமருந்தோடு கலந்து மாத்திரையாகத் தருகிறார்கள்.

மாமாவுக்கும் உம்மாவுக்கும் ஒரே அளவு எழுதப்பட்டது. மாமாவின் எடை 78 கிலோ. உம்மாவின் எடை 46 கிலோ. ஒரே அளவு மாத்திரையை உண்டாலும் பெண்களின் இரத்தத்தில் லெவோடோபா அதிகச் செறிவில் சேர்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. எடை குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். முதலில் உம்மாவுக்கு நல்ல குணம் தெரிந்தது. நடுக்கம் அடங்கியது, தாமே சேலை உடுத்தினார்கள். ஓராண்டுக்குப் பின், மாத்திரை உண்ட ஒரு மணி நேரத்தில் கழுத்தும் தோளும் தாமாக அசையத் தொடங்கின. அமர்ந்தால் உடல் அலைபோல ஆடியது. நோய் முற்றிவிட்டது என்று பார்க்க வந்தவர்கள் வருந்தினார்கள். மாத்திரையைக் கூட்டச் சொல்லும்படி உறவினர் அறிவுரை தந்தார்கள்.

அந்த ஆட்டம் நோயால் மட்டும் வந்ததன்று. நோயுற்ற மூளையில் மருந்தின் அளவு உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் வரும் அசைவு அது, டிஸ்கைனீசியா என்பார்கள். பெண்களுக்கு இது விரைவாகவும் அதிகமாகவும் வருகிறது. கூட்ட வேண்டிய மருந்து என்று எல்லோரும் நினைத்தது, உண்மையில் ஒவ்வொரு வேளையும் குறைக்க வேண்டிய மருந்து. எந்த நேரத்தில் மாத்திரை, எந்த நேரத்தில் ஆட்டம், எந்த நேரத்தில் நடுக்கம் என்று பத்து நாள் குறித்த தாளை மருத்துவரிடம் காட்டினேன். அவர் ஒரு வேளைக்குரிய அளவைக் குறைத்து, மூன்று வேளையை ஐந்து வேளையாகப் பிரித்தார். சில வாரங்களில் ஆட்டம் பாதிக்கும் கீழே வந்தது.

ஐந்து வேளை என்றானதும் ரமலான் குறித்த கவலை எழுந்தது. பருவமடைந்த நாள்முதல் நோன்பைத் தவறவிடாதவர்கள் உம்மா. வேளை தவறினால் உடல் உறைந்து நிற்கும் நிலையில், பகல் முழுதும் மாத்திரை இன்றி இருக்க இயலாது என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். உம்மா கண்கலங்கினார்கள். எங்கள் மஹல்லாவின் ஆலிம் ஒருவர் வீட்டுக்கு வந்து, நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையையும், தீராத நோயில் நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவையும் பொறுமையாக விளக்கினார். மாமாவுக்கும் அதே சலுகைதான். அவர்கள் முதலாண்டே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உம்மாவுக்கோ அதை ஏற்க இரண்டு ரமலான்கள் ஆயின. மருந்தை வேளைக்கு உண்பதில் தடை மாத்திரையில் மட்டும் இருப்பதில்லை, மனத்திலும் இருக்கிறது.

மாமாவின் நோய் வேறு திசையில் சென்றது. உடலாட்டம் அதிகமில்லை. ஆனால் ஆறாம் ஆண்டிலிருந்து, எத்தனை ரக்அத் தொழுதோம் என்பது மறக்கலாயிற்று. இல்லாத பூனை அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். அக்காலத்தில்தான் மூளையில் மின்முனை பதிக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர் மாமாவின் மகன்களிடம் பேசினார். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபி என்னும் அறுவை மருத்துவர் தொடங்கிய முறை அது. நெஞ்சின் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவியிலிருந்து மெல்லிய கம்பி வழியே மூளைக்கு மின்தூண்டல் செல்லும். பல லட்சம் ரூபாய் செலவு. வளைகுடாவில் இருக்கும் மகன்கள் மறுநாளே பணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள்.

அதே மருத்துவரிடம் அதே நோய்க்குச் செல்லும் உம்மாவிடம் எவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் காயல்பட்டினத்தில் மணமான பெண் தாய்வீட்டில் தங்குவதே வழக்கம். ஆணே மனைவியின் வீட்டுக்குச் செல்வான். மாமாவைக் கவனிக்க மாமியும் இரண்டு மகள்களும் அந்த வீட்டில் இருந்தார்கள். கைம்பெண்ணான உம்மாவுக்கு நான் ஒருத்திதான். செலவும் துணையும் தேவைப்படும் சிகிச்சை பெண்ணுக்கு முன்மொழியப்படுவதே குறைவு. முன்மொழிந்தாலும் அவளே தயங்கிப் பின்வாங்குகிறாள். இந்த அறுவை சிகிச்சை பெறுவோரில் பெண்கள் அவர்களின் நோய் விகிதத்தைவிடவும் குறைவு என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. “எனக்கெதற்கு இந்த வயதில்?” என்று உம்மா கேட்டார்கள். மாமாவுக்கு அவர்களைவிட வயது மூன்று அதிகம் என்பதை நினைவூட்டினேன்.

அடுத்த முறை மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். மருந்தால் வரும் உடலாட்டம் இந்தச் சிகிச்சைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று என்றார் அவர். இருவருக்கும் பரிசோதனைகள் நடந்தன. மாமாவின் நினைவாற்றல் குறைந்துவிட்டதால், அறுவை சிகிச்சை நன்மையைவிடத் தீங்கே செய்யலாம் என்று முடிவாயிற்று. உம்மா தகுதியானவர்கள் என்று சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டறிந்தபின், இப்போது மருந்தே போதும், ஓராண்டு கழித்துப் பார்ப்போம் என்று உம்மா சொன்னார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். கேட்கப்படாமல் விடுபடுவது வேறு; கேட்டறிந்து வேண்டாம் என்பது வேறு.

பார்க்கின்சனைவிட நம் வீடுகளில் அதிகம் காணப்படுவது மறதி நோய். அதிலும் இந்த வேறுபாடு உண்டு, ஆனால் எதிர்த்திசையில். ஜெர்மனியின் அலோயிஸ் அல்சைமர் 1906இல் டூபிங்கன் நகரில் விவரித்த முதல் நோயாளி ஒரு பெண். 1901இல் பிராங்பர்ட் மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்டபோது அவருக்கு வயது 51. இன்று அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களிடையே நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, மறதி நோய் உள்ளவர்கள் 7.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர். பெண்களில் இது 9 விழுக்காடு, ஆண்களில் 5.8 விழுக்காடு.

பெண்கள் நீண்டநாள் வாழ்வது ஒரு காரணம். பள்ளிக் கல்வி குறைவாக இருப்பது மற்றொரு காரணம். லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய பதினான்கு காரணிகளுள் குறைந்த கல்வியும் ஒன்று. ஐந்தாம் வகுப்போடு பெண்ணை வீட்டில் இருத்திய அந்தக் காலத்துப் பழக்கத்தின் விலை, அறுபதாண்டு கழித்து மூளையில் கேட்கப்படுகிறது. நம் பேத்திகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் கொள்ளலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சொற்களை நினைவில் வைப்பதில் பெண்கள் இயல்பாகவே ஆண்களைவிட வல்லவர்கள். மறதி நோயைக் கண்டறியும் சோதனைகள் பெரும்பாலும் சொற்களை நினைவுகூரச் செய்பவை. ஆகவே மூளையில் நோய் தொடங்கிய பின்னும் பெண்கள் சோதனையில் தேறிவிடுகிறார்கள். நோய் உறுதியாகும்போது அது ஏற்கெனவே முற்றியிருப்பதால், அதன்பின் சரிவு விரைவாகிறது. நன்றாகத்தானே பேசுகிறார்கள் என்று நாம் சொல்லும் பெரியம்மா, அடுப்பை அணைக்க மறக்கிறார்களா, பல்லாண்டு செய்த குழம்பின் பக்குவம் மாறுகிறதா என்று பார்ப்பது அதனால்தான் தேவையாகிறது.

அல்சைமருக்கு அண்மையில் வந்த லெகானெமாப் என்னும் மருந்து 1,795 பேரிடம் 18 மாதங்கள் சோதிக்கப்பட்டது. மொத்தத்தில் நோயின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. பிரித்துப் பார்த்தபோது ஆண்களில் 43 விழுக்காடு, பெண்களில் 12 விழுக்காடு மட்டுமே. பால் வேறுபாட்டை அளப்பதற்கென்று அந்தச் சோதனை வடிவமைக்கப்படவில்லை. ஆகவே பெண்களுக்குப் பயனில்லை என்று இதைக்கொண்டு தீர்ப்புக் கூற முடியாது. ஆனால் மூன்றில் இரு பங்கினர் பெண்களாயிருக்கும் நோயில், இந்தக் கேள்வி சோதனைக்கு முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

கேட்கப்படாததற்கு வரலாறு உண்டு. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தோடு, 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைப் புதிய மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 1993இல்தான் அது மாற்றப்பட்டது. தூக்க மருந்தான சோல்பிடெம் இன்னோர் எடுத்துக்காட்டு. பெண்களின் உடலில் அது மெதுவாகவே கரைகிறது என்று கண்டு, பெண்களுக்கான அளவைப் பாதியாக்கியது 2013இல்; அதற்குள் அம்மருந்து இருபதாண்டு விற்பனையாகிவிட்டது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே தருகிறார்கள். என் மாமி எட்டு ஆண்டுகளாக இரவில் இருமுறை எழுகிறார்கள். அவர்களின் இரத்த அழுத்தத்தை யாராவது அளந்தார்களா என்று சென்ற மாதம் கேட்டேன். மகள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் அளந்தபோது அழுத்தம் மிகுந்திருந்தது. கவனிக்கப்படாத இரத்த அழுத்தமும் அந்தப் பதினான்கு காரணிகளுள் ஒன்று.

ஆகவே, உங்கள் வீட்டு மூத்த பெண்ணை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, உடன் ஒருவர் உள்ளே செல்லுங்கள். தனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதோடு நிறுத்தாமல், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். எடையை அளந்து சொல்லுங்கள். இந்த அளவு இவருடைய எடைக்கும் வயதுக்கும் ஏற்றதா என்று பணிவோடு கேளுங்கள். மருந்து நேரத்தையும் உடல் மாற்றத்தையும் தாளில் குறித்துக் காட்டுங்கள். லெவோடோபாவை உணவுக்கு முன்பு தனியே உண்பதா என்று கேட்டறியுங்கள். இறைச்சி, முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதம் அதை உடல் ஈர்ப்பதற்குத் தடையாகும். எந்த மாத்திரையையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆணுக்கு ஒரு சிகிச்சை பேசப்பட்டால், அது பெண்ணுக்கும் பொருந்துமா என்று கேட்க நாணவேண்டாம்.

உம்மாவின் கையில் இப்போதும் தஸ்பீஹ் மணி இருக்கிறது. மறைப்பதற்காக அன்று. நடுக்கம் கூடும் நாளில் அதைக் கீழே வைத்துவிட்டு, “இன்று கை சரியில்லை, நேரத்தைக் குறித்துக்கொள்” என்கிறார்கள். நான் குறித்துக்கொள்கிறேன்.

நம் பெரியோர் அனைவருக்கும் வல்ல நாயன் நலத்தையும், அவர்களைக் கவனிப்போருக்குப் பொறுமையையும் அருள்வானாக. ஆமீன்.